மருந்துக் கடையில் வேறு இன்ஹேலர் தருகிறார்களா? வாங்கும் முன் அட்டையில் இந்த மூன்றைப் பாருங்கள்!

மாதாமாதம் வாங்கும் இன்ஹேலர் கடையில் இல்லை. "அந்த கம்பெனி ஸ்டாக் வரலை சார், இதுவும் அதேதான்" என்று கடைக்காரர் வேறு பெயர் போட்ட பெட்டியை நீட்டுகிறார். இன்னொரு வீட்டில், "எங்க மாமாவுக்கும் இதே பிரச்னைதான். அவர் வாங்குறது பாதி விலைதான்" என்று உறவினர் ஒரு பெட்டியைக் காட்டுகிறார். பரிசோதனைக்குப் போகும்போது மருத்துவரே வேறு பெயரை எழுதிக் கொடுப்பதும் உண்டு.

கையில் பழைய பெட்டி ஒன்று, புதிய பெட்டி ஒன்று. இரண்டும் ஒன்றா, வேறு வேறா? மாற்றலாமா, கூடாதா?

சில மாற்றங்களால் எந்தப் பாதிப்பும் வராது, மாதச் செலவுதான் குறையும். வேறு சில மாற்றங்கள் மூச்சுத் திணறலோடு அவசரப் பிரிவில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். எது எந்த ரகம் என்று கண்டுபிடிக்க, பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் இருக்கும் பெயர் உதவாது. அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் மூன்று விவரங்கள்தான் உதவும். மருந்து, அளவு, கருவி. இந்த மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நோய் எது?

சி.ஓ.பி.டி. என்று மருத்துவர்கள் சுருக்கமாகச் சொல்வது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயை. மூச்சுக்குழாய்கள் வீங்கிச் சுருங்கும், சளி சேரும், நுரையீரலின் சின்னச் சின்னக் காற்றுப் பைகள் சிதையும். உள்ளே போன காற்று முழுதாக வெளியே வராது. மாடிப்படி ஏறினால் இளைப்பு, தொடர்ந்து இருமல், காலையில் சளி என்று ஆரம்பித்து, சில வருடங்களில் குளித்துவிட்டு வந்தாலே மூச்சு வாங்கும் நிலைக்கு வரும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ல் மட்டும் உலகம் முழுக்க சுமார் 35 லட்சம் பேர் இந்த நோயால் இறந்திருக்கிறார்கள். உலகில் அதிக உயிர்களைப் பறிக்கும் காரணங்களில் இதற்கு நான்காவது இடம்.

பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு மட்டும் வரும் நோய் என்று நினைக்க வேண்டாம். பல வருடங்கள் விறகடுப்புப் புகையில் நின்று சமைத்த பாட்டிகளுக்கும் அம்மாக்களுக்கும் வருகிறது. தூசி, ரசாயனப் புகை நடுவே வேலை பார்த்தவர்களுக்கும் வருகிறது. சிதைந்த காற்றுப் பைகளை எந்த இன்ஹேலராலும் பழையபடி ஆக்க முடியாது. ஆனால், மூச்சுக்குழாயை விரித்து வைக்க முடியும். நோய் திடீரென்று தீவிரமாவதைக் குறைக்க முடியும். சந்தைக்குப் போய் வருவதா, கட்டிலோடு கிடப்பதா என்பதைப் பலருக்கு அந்தச் சின்ன டப்பாதான் தீர்மானிக்கிறது. அதனால்தான் அதை மாற்றும்போது கவனம் தேவை.

முதல் கேள்வி: உள்ளே என்ன மருந்து?

பெட்டியில் பிராண்ட் பெயருக்குக் கீழே மருந்தின் மூலப்பெயர் இருக்கும். கடைகளில் எத்தனையோ பெயர்கள் இருந்தாலும் உள்ளே இருக்கும் மருந்துகள் மூன்று குடும்பங்களில் அடங்கிவிடும்.

- உடனடி நிவாரணிகள்: சால்புட்டமால், லெவோசால்புட்டமால். சில நிமிடங்களில் மூச்சுக்குழாயை விரிக்கும். 4 முதல் 6 மணி நேரம் வேலை செய்யும். ஆஸ்தலின், லெவோலின் ஆகியவை இந்த வகை. திணறல் வரும்போது எடுப்பதற்கானவை.
- நீண்ட நேர விரிவாக்கிகள்: ஃபார்மோட்டரால், சால்மெட்டரால் போன்றவை சுமார் 12 மணி நேரம் தாங்கும். டையோட்ரோப்பியம் 24 மணி நேரம் தாங்கும். சி.ஓ.பி.டி. சிகிச்சையின் முதுகெலும்பு இவைதான். திணறல் இருக்கிறதோ இல்லையோ, தினமும் எடுக்க வேண்டும்.
- ஸ்டீராய்டுகள்: புடெசோனைட், ஃப்ளூட்டிகசோன், பெக்லோமெத்தசோன். மூச்சுக்குழாயின் வீக்கத்தைக் குறைப்பவை. சி.ஓ.பி.டி. உள்ள எல்லோருக்கும் இவை தேவைப்படாது.

பல டப்பாக்களில் இரண்டு அல்லது மூன்று மருந்துகள் சேர்ந்தே இருக்கும். ஃபோராகார்ட், புடாமேட், சிம்பிகார்ட் என மூன்று நிறுவனங்களின் மூன்று பெயர்கள். உள்ளே இருப்பது ஒரே ஜோடி: புடெசோனைட், ஃபார்மோட்டரால். செரோஃப்ளோ, செரிடைட் இரண்டிலும் இருப்பது சால்மெட்டரால், ஃப்ளூட்டிகசோன். (இங்கே வரும் பெயர்கள் உதாரணத்துக்காக மட்டுமே. எதையும் வாங்கச் சொல்லும் பரிந்துரை அல்ல.)

பெயர் வேறாகவும் மருந்து ஒன்றாகவும் இருப்பதில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. வீட்டில் ஒரு தாத்தா ஃபோராகார்ட் எடுத்துவருகிறார் என்று வைத்துக்கொள்வோம். நெஞ்சுச் சளியோடு மருத்துவமனையில் சேர்ந்து, வீடு திரும்பும்போது புடாமேட் எழுதிக் கொடுக்கிறார்கள். "டாக்டர் புதுசா ஒண்ணு சேர்த்திருக்கார்" என்று நினைத்து, பழையதையும் புதியதையும் சேர்த்தே எடுக்கிறார். ஒரே மருந்து இரண்டு மடங்காகிறது. கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. ஏற்கெனவே இதய நோய் உள்ளவராக இருந்தால் இது சாதாரண விஷயம் அல்ல. 'புதியது வந்தால் பழையது நிற்க வேண்டுமா, தொடர வேண்டுமா?' என்ற ஒரு கேள்வியை வீட்டுக்குக் கிளம்பும் முன் கேட்டிருந்தால் போதும்.

இதற்கு நேரெதிரான ஆபத்தும் உண்டு. பெயர்கள் ஒன்றுபோல் ஒலிக்கும், உள்ளே வேறு வேறு மருந்து இருக்கும். டுவோலின், டுவோவா, டியோவா என்ற மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். டுவோலினில் இருப்பவை லெவோசால்புட்டமாலும் இப்ராட்ரோப்பியமும். இரண்டுமே சில மணி நேரம் மட்டும் வேலை செய்பவை. டுவோவாவில் இருப்பவை டையோட்ரோப்பியமும் ஃபார்மோட்டராலும். இரண்டுமே நீண்ட நேர மருந்துகள். டியோவாவில் டையோட்ரோப்பியம் மட்டும்தான். போனில் பெயரைச் சொல்லி மருந்தை வாங்கிவரச் செய்யும் வீடுகளில் இது எளிதாகக் குழம்பும். பெயரைச் சொல்லாமல் பழைய அட்டையைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது பாதுகாப்பு.

டப்பாவின் நிறத்தை வைத்து அடையாளம் காண்பதும் வேண்டாம். நிறுவனத்துக்கு நிறுவனம் நிறம் மாறும். "நீலம் திணறலுக்கு, மற்றது தினமும்" என்று மனப்பாடம் செய்தவர்கள், நிறுவனம் மாறும்போது தடுமாறிவிடுவார்கள்.

இரண்டாவது கேள்வி: எவ்வளவு அளவு?

மருந்து ஒன்றுதான் என்று உறுதியானதும், அதற்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணைப் பார்க்க வேண்டும். இங்கேதான் படித்தவர்கள்கூட ஏமாறுகிறார்கள். எண் சிறியது என்றால் வீரியம் குறைவு, பெரியது என்றால் வீரியம் அதிகம் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

சால்புட்டமால் இன்ஹேலரில் ஒரு பஃப்புக்கு 100 மைக்ரோகிராம். லெவோசால்புட்டமாலில் 50 மைக்ரோகிராம். பாதிதானே என்று இரட்டிப்பாக எடுக்கக் கூடாது. சால்புட்டமாலில் வேலை செய்யும் பாதியை மட்டும் பிரித்தெடுத்துச் செய்ததுதான் லெவோசால்புட்டமால். அதன் 50, இதன் 100-க்குச் சமம்.

டையோட்ரோப்பியத்தைப் பாருங்கள். ஸ்பிரிவா என்ற ஒரே பிராண்டில், பொடி அடைத்த கேப்சூலாக வந்தால் நாளுக்கு 18 மைக்ரோகிராம். 'ரெஸ்பிமேட்' என்ற மென்சாரல் கருவியில் வந்தால் நாளுக்கு 5 மைக்ரோகிராம். கருவி மாறும்போது நுரையீரலுக்குப் போய்ச் சேரும் பங்கும் மாறுவதால்தான் இந்த வித்தியாசம்.

செரோஃப்ளோ 250 என்ற பெயரில் ஸ்ப்ரேயும் உண்டு, ரோட்டாகேப்பும் உண்டு. இரண்டிலும் ஃப்ளூட்டிகசோன் 250 மைக்ரோகிராம்தான். ஆனால் சால்மெட்டரால், ஸ்ப்ரேயின் ஒரு பஃப்பில் 25, ரோட்டாகேப் ஒன்றில் 50. "250-தானே, ஒண்ணுக்கு ஒண்ணு சரியாப்போச்சு" என்று ஒரு பஃப்பை ஒரு கேப்சூலுக்குச் சமமாக வைத்தால் கணக்கு தப்பிவிடும்.

சிம்பிகார்ட் டப்பாவில் சில நாடுகளில் 200/6 என்றும், அமெரிக்காவில் 160/4.5 என்றும் இருக்கும். கருவி அளந்து எடுக்கும் அளவு முதலாவது; வாய்ப்பகுதியிலிருந்து வெளியே வரும் அளவு இரண்டாவது. எழுதும் முறைதான் வேறு, மருந்து அதேதான். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் வாங்கி அனுப்பும் இன்ஹேலரில் இந்தக் குழப்பம் வரலாம்.

பெக்லோமெத்தசோன் விஷயத்தில் ஒரு நாடு தனியாக எச்சரிக்கையே விட வேண்டியிருந்தது. பிரிட்டனில் கியூவார், கிளெனில் என்று இரண்டு பிராண்டுகள். இரண்டிலும் ஒரே மருந்து. ஆனால் கியூவாரின் துகள்கள் மிக நுண்ணியவை. நுரையீரலின் ஆழம்வரை போகும். அதனால் அதன் வீரியம் ஏறத்தாழ இரண்டு மடங்கு. மூலப்பெயரை மட்டும் எழுதினால் கடையில் மாறிப்போகும் என்பதால், இதைப் பிராண்ட் பெயரோடு எழுதும்படி பிரிட்டனின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2008-ல் மருத்துவர்களைக் கேட்டுக்கொண்டது.

பெயரோடு 'ஃபோர்ட்' என்ற ஒட்டு வந்தால் அளவு கூடியிருக்கிறது என்று அர்த்தம். அதையும் விட்டுவிடாமல் பார்க்க வேண்டும்.

மூன்றாவது கேள்வி: எந்தக் கருவி?

மாத்திரையாக இருந்தால் மருந்தும் அளவும் பொருந்தினால் போதும். யார் செய்த மாத்திரையானாலும் தண்ணீரோடு விழுங்குவதுதான். இன்ஹேலர் அப்படி அல்ல. மருந்தை நுரையீரலுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது பாதி கருவியின் வேலை, மீதி உங்கள் மூச்சின் வேலை.

கையில் அடங்கும் ஸ்ப்ரே இன்ஹேலர் 1956-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. ரைக்கர் நிறுவனத்தின் தலைவர் ஜார்ஜ் மெய்சனின் மகளுக்கு ஆஸ்துமா. தலைமுடிக்கு அடிக்கும் ஸ்ப்ரேபோல என் மருந்தும் ஏன் டப்பாவில் வரக் கூடாது என்று அந்தப் பெண் கேட்டதிலிருந்து பிறந்த யோசனை அது என்று சொல்வார்கள். இன்று கடையில் கிடைப்பவற்றை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

- ஸ்ப்ரே இன்ஹேலர்: நம் ஊரில் 'பம்ப்' என்று பலரும் சொல்வது. அழுத்தினால் மருந்து வேகமாகப் பாயும். எனவே மூச்சை மெதுவாக, ஆழமாக இழுக்க வேண்டும். அழுத்துவதும் இழுப்பதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும்.
- பொடி இன்ஹேலர்: ரோட்டாஹேலர், ரிவோலைசர், லூப்பிஹேலர் போன்றவை. கேப்சூலில் இருக்கும் பொடியைக் கிளப்பிவிட ஸ்ப்ரே எதுவும் கிடையாது. உங்கள் மூச்சுதான் அதைக் கிளப்ப வேண்டும். எனவே வேகமாக, பலமாக இழுக்க வேண்டும்.
- மென்சாரல் இன்ஹேலர்: மெல்லிய சாரலாக, சற்று நேரம் நின்று வரும். மூச்சை மெதுவாக இழுக்க வேண்டும்.

முதல் இரண்டு வகைகளும் ஒன்றுக்கொன்று நேரெதிர். பத்து வருடம் ஸ்ப்ரேயில் மெதுவாக இழுத்துப் பழகியவரிடம் பொடி இன்ஹேலரைக் கொடுத்தால், அதையும் மெதுவாகவே இழுப்பார். பொடி பாதி கேப்சூலிலேயே தங்கிவிடும், மீதி நாக்கில் ஒட்டிக்கொள்ளும். "புது மருந்து கேக்கவே மாட்டேங்குது" என்பார். மருந்தில் குறையே இருக்காது. அது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போயிருக்காது, அவ்வளவுதான்.

யாருக்கு எது பொருந்தும்? பொடியை இழுக்கும் அளவுக்கு மூச்சில் பலம் இல்லாதவர்களுக்கு ஸ்ப்ரே நல்லது. அழுத்துவதையும் இழுப்பதையும் ஒன்றுசேர்க்க முடியாதவர்கள் ஸ்ப்ரேயோடு ஸ்பேசர் என்ற குடுவையைப் பொருத்திக்கொள்ளலாம். முறையாக எடுத்தால்கூட ஸ்ப்ரேயில் சுமார் 10 முதல் 20 சதவீத மருந்துதான் நுரையீரலுக்குப் போகிறது. மீதியில் பெரும்பகுதி தொண்டையில் படிகிறது. ஸ்பேசர் இந்தத் தொண்டைப் படிவைக் குறைக்கிறது. விரல் மூட்டு வலி உள்ளவர்களுக்கு டப்பாவை அழுத்துவதோ, குட்டிக் கேப்சூலைப் பிரித்துப் போடுவதோ சிரமமாக இருக்கும். கண் பார்வை மங்கியவர்களுக்கு எண் காட்டும் கவுன்ட்டர் தெரியாது. இவற்றையெல்லாம் மருத்துவரிடம் வெட்கப்படாமல் சொல்ல வேண்டும். சிறந்த இன்ஹேலர் என்று பொதுவாக ஒன்று கிடையாது. அந்த நோயாளியால் தினமும் சரியாக இழுக்க முடிகிற இன்ஹேலர்தான் அவருக்குச் சிறந்தது.

அமெரிக்காவில் மாற்றிப் பார்த்தபோது...

பிராண்டை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவிலிருந்து இரண்டு நல்ல உதாரணங்கள் உண்டு.

அட்வேர் டிஸ்கஸ் என்பது அங்கே பிரபலமான, விலை உயர்ந்த பொடி இன்ஹேலர். அதே மருந்து, அதே அளவு, ஏறக்குறைய அதே மாதிரிக் கருவி ஆகியவற்றோடு விக்ஸெலா என்ற மலிவான ஜெனரிக் 2019-ல் வந்தது. சி.ஓ.பி.டி. நோயாளிகளில் இரண்டையும் ஒப்பிட்டு 2023-ல் ஆய்வு வெளியானது. நோய் தீவிரமடைவதிலும் நிமோனியா வருவதிலும் இரண்டுக்கும் சொல்லத்தக்க வித்தியாசமே இல்லை.

இன்னொரு உதாரணம், முன்னாள் படைவீரர்களுக்கான அரசு மருத்துவத் துறை செய்த மாற்றம். 2021 ஜூலையில், செலவைக் குறைக்க சிம்பிகார்ட் ஸ்ப்ரேயை நிறுத்திவிட்டு, அதற்குப் பதிலாக அதே விக்ஸெலா பொடி இன்ஹேலரைக் கொடுக்கத் தொடங்கினார்கள். இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஆஸ்துமா, சி.ஓ.பி.டி. நோயாளிகளின் விவரங்களை வைத்துச் செய்த ஆய்வு 2025-ல் வந்தது. மாறியவர்கள் உடனடி நிவாரணியை அதிகம் வாங்கியிருந்தார்கள். அவசரப் பிரிவுக்குப் போவதும் மருத்துவமனையில் சேர்வதும் கூடியிருந்தன.

இரண்டு உதாரணங்களிலும் வருவது ஒரே விக்ஸெலாதான். முதல் மாற்றத்தில் பெயரும் விலையும் மட்டும் மாறின, பாதிப்பில்லை. இரண்டாவதில் மருந்தும் மாறியது, ஸ்ப்ரே போய்ப் பொடி வந்ததால் இழுக்கும் முறையும் மாறியது. அங்கேதான் நிலைமை மோசமானது. எனவே மலிவான இன்ஹேலர் என்றாலே மட்டமானது என்று நினைப்பதும் தவறு. எதை வேண்டுமானாலும் எதற்குப் பதிலாகவும் மாற்றலாம் என்று நினைப்பதும் தவறு.

விலையை எப்படி ஒப்பிடுவது?

பெட்டியின் விலையை ஒப்பிட வேண்டாம். ஒரு நாள் செலவை ஒப்பிடுங்கள்.

120 பஃப் உள்ள ஸ்ப்ரே 450 ரூபாய், 30 ரோட்டாகேப் உள்ள டப்பா 270 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பார்த்தால் ரோட்டாகேப்தான் மலிவு. ஆனால் ஸ்ப்ரே காலை 2, இரவு 2 என நாளுக்கு 4 பஃப் என்றால் 30 நாள் வரும். நாளுக்கு 15 ரூபாய். ரோட்டாகேப் காலை 1, இரவு 1 என்றால் 15 நாளில் தீர்ந்துவிடும்; நாளுக்கு 18 ரூபாய்.

செலவு தாங்காமல் மருந்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்வதும், "இப்ப நல்லாத்தான் இருக்கு" என்று நிறுத்திவிடுவதும் பல வீடுகளில் நடக்கிறது. பிராண்ட் மாறுவதைவிட இது ஆபத்தானது. மாதம் இவ்வளவுதான் முடியும் என்று மருத்துவரிடம் நேராகச் சொல்லிவிடுங்கள். அதே மருந்தில் விலை குறைந்த பிராண்ட் இருந்தால் அவர் எழுதித் தருவார். அரசு மருத்துவமனைகளிலும், மக்கள் மருந்தகம், முதல்வர் மருந்தகம் போன்ற ஜெனரிக் கடைகளிலும் கிடைக்குமா என்றும் விசாரிக்கலாம். அங்கே வாங்கும்போதும் அதே மூன்று கேள்விகள்தான்.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால்...

1. பழைய அட்டையையும் புதிய அட்டையையும் பக்கத்தில் வைத்து மருந்தின் மூலப்பெயர், அளவு, கருவி மூன்றையும் ஒப்பிடுங்கள்.
2. மூன்றும் ஒன்றாக இருந்தால் கவலை வேண்டாம். அடுத்த முறை போகும்போது மருத்துவரிடம் தெரிவித்தால் போதும்.
3. மூன்றில் ஒன்று மாறியிருந்தாலும் எடுக்கத் தொடங்கும் முன் மருத்துவரைக் கேளுங்கள்.
4. கருவி மாறினால், அவர் முன்னாலேயே ஒருமுறை எடுத்துக் காட்டுங்கள். "தெரியும்" என்று தலையாட்டிவிட்டு வராதீர்கள்.
5. பழையதை நிறுத்த வேண்டுமா என்று கேளுங்கள். நிறுத்தச் சொன்னால், வீட்டில் அதைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள்.
6. முதல் இரண்டு வாரம் கவனியுங்கள். உடனடி நிவாரணி அடிக்கடி தேவைப்பட்டால், புதியது சரியாகப் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம்.

எப்படி எடுக்க வேண்டும்?

ஸ்ப்ரே: மூடியைக் கழற்றி நன்றாகக் குலுக்குங்கள். மூச்சை முழுவதும் வெளியே விடுங்கள். உதடுகளால் இறுக்கமாகக் கவ்வி, மெதுவாக இழுக்க ஆரம்பித்தவுடன் ஒருமுறை அழுத்துங்கள். இழுப்பதை நிறுத்தாமல் தொடருங்கள். 10 விநாடி மூச்சைப் பிடித்து வையுங்கள். அடுத்த பஃப்புக்கு அரை நிமிடமாவது இடைவெளி விட்டு, மீண்டும் குலுக்குங்கள். டப்பா புதிதாக இருந்தாலோ, பல நாள் எடுக்காமல் வைத்திருந்தாலோ, முதலில் சில முறை காற்றில் அடித்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

பொடி: கேப்சூலை எடுக்கும் நேரத்தில் மட்டும் பிரியுங்கள்; ஈரம் பட்டால் பொடி கட்டிவிடும். மூச்சை வெளியே விடும்போது கருவிக்குள் ஊதாதீர்கள். வேகமாக, பலமாக இழுத்து, 10 விநாடி பிடித்து வையுங்கள். கேப்சூலில் பொடி மீதம் இருந்தால் இன்னொரு முறை இழுங்கள். இந்தக் கேப்சூலை மாத்திரைபோல விழுங்கிவிடுகிறவர்களும் உண்டு. தாத்தா பாட்டி தனியாக மருந்து எடுக்கும் வீடுகளில் இதை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்டீராய்டு கலந்த எந்த இன்ஹேலராக இருந்தாலும், எடுத்தவுடன் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இல்லையென்றால் வாயில் வெள்ளையாகப் பூஞ்சை படரலாம், குரல் கம்மலாம்.

அடிக்கடி வரும் சந்தேகங்கள்

இன்ஹேலர் பழகிவிட்டால் விடவே முடியாதாமே, மாத்திரை போதாதா?
இன்ஹேலருக்கு யாரும் அடிமையாவதில்லை. நோய் நாள்பட்டது என்பதால் மருந்தும் நாள்பட்டதாக இருக்கிறது. சால்புட்டமால் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம் என்றால், அது 40 பஃப்புக்குச் சமமான மருந்து. அது வயிற்றில் கரைந்து, ரத்தம் வழியாக உடம்பெல்லாம் சுற்றித்தான் நுரையீரலுக்கு வர வேண்டும். இன்ஹேலர் கொஞ்ச மருந்தை நேராக அங்கேயே கொண்டுபோகிறது.

ஸ்டீராய்டு என்று எழுதியிருக்கிறதே, பயமில்லையா?
மைக்ரோகிராம் அளவில் இருப்பதால் மாத்திரை அளவுக்குப் பயம் தேவையில்லை. அதற்காக எல்லோருக்கும் தேவை என்றும் இல்லை. சி.ஓ.பி.டி. உள்ளவர்களுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் நிமோனியா வாய்ப்பைச் சற்றுக் கூட்டும். நோய் அடிக்கடி தீவிரமாகிறதா, ரத்தத்தில் ஈசினோஃபில் அணுக்கள் எவ்வளவு என்பதைப் பார்த்துத்தான் மருத்துவர்கள் முடிவு செய்வார்கள். நீங்களாகத் தொடங்கவும் வேண்டாம், நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

பக்கத்து வீட்டுக்காரருக்கும் இளைப்புதான். அவர் இன்ஹேலரையே வாங்கலாமா?
வேண்டாம். அவருக்கு இருப்பது ஆஸ்துமாவாக இருக்கலாம். ஆஸ்துமாவில் ஸ்டீராய்டுதான் அடிப்படை மருந்து. அது இல்லாமல் நீண்ட நேர விரிவாக்கியை மட்டும் எடுப்பது ஆபத்து. சி.ஓ.பி.டி.யில் அந்த விரிவாக்கிதான் முதல் மருந்து. இரண்டு நோய்க்கும் இளைப்பு ஒன்றுபோல் இருந்தாலும் சிகிச்சை வேறு. டையோட்ரோப்பியம், இப்ராட்ரோப்பியம் வகை மருந்துகளை எடுக்கும் முன், கண் அழுத்த நோயோ புரோஸ்டேட் வீக்கமோ இருந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

டப்பாவில் மருந்து தீர்ந்துவிட்டதா என்று தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்க்கலாமா?
அதை நம்ப முடியாது. மருந்து தீர்ந்த பிறகும் டப்பாவிலிருந்து வெறும் வாயு வந்துகொண்டிருக்கும். கவுன்ட்டர் இருந்தால் அதைப் பாருங்கள். இல்லையென்றால், திறந்த தேதியை டப்பா மேலே எழுதி, நாள் கணக்குப் போடுங்கள்.

எப்போது 108-ஐ அழைப்பது?

ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் மூச்சு வாங்கினாலோ, உதடும் நகமும் நீலம் பாய்ந்தாலோ, குழப்பமாகப் பேசினாலோ, அரைத் தூக்கத்தில் இருந்தாலோ, உடனடி நிவாரணி எடுத்தும் திணறல் அடங்காவிட்டாலோ காத்திருக்கக் கூடாது. உடனே 108-ஐ அழையுங்கள். போகும்போது வீட்டில் இருக்கும் எல்லா இன்ஹேலர்களையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். எந்த மருந்து ஏற்கெனவே உள்ளே போயிருக்கிறது என்று மருத்துவருக்கு உடனே தெரியும்.

இன்றைக்கே ஒரு வேலை செய்யலாம். வீட்டில் இருக்கும் இன்ஹேலர் அட்டையை, மூலப்பெயரும் அளவும் தெரியும்படி போட்டோ எடுத்து, குடும்பத்தில் எல்லோருடைய போனிலும் வையுங்கள். அடுத்த முறை கடையில் "இதுவும் அதேதான்" என்று சொன்னால், போட்டோவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு வாங்கலாம்.